மிளகாய் மாடி

போன வாரம் சூலியா தெருவில் தும்மினேன். ஒன்றிரண்டோடு நிற்கிற தும்மல் இல்லை. கண்ணில் நீர் கட்டி, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்த தும்மல். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டிருந்தார்கள். கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஆள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ராமநாதபுரம் பக்கமாம், இந்த மலாய் நாட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. நான் குடித்து முடித்ததும் கோப்பையை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, நீங்க இந்த ஊர்தானே? பாஸ்போர்ட்ட மொதலாளி வாங்கி வச்சுக்கிட்டாரு. அங்க எங்க அம்மாவுக்கு ரொம்ப முடியல, கேட்டா தரமாட்டேங்கிறாரு. இதெல்லாம் யாருகிட்டம்மா போய்ச் சொல்றது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை.

எழுபதுகளில் அதே வரிசையில் மிளகாய் அரைக்கிற மில் ஒன்று இருந்தது. அதற்கு மேல் மாடிதான் எங்கள் இடம். நான் அப்போது ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். சினிமாவுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஞாயிறு மத்தியானங்களில் மாடி ஏறுவேன். தூள் நெடியில் கண் சிவந்து திரும்புவேன். "படம் அவ்வளவு சோகமா?" என்று அம்மா கேட்பார். ஊரிலேயே அதிக சோகப் படம் பார்த்தவள் என்ற பெயர் எனக்கு இருந்தது.

அந்தக் காலத்தில் குடிமக்களுக்கு நீல ஐசி, அதாவது அடையாள அட்டை. பிறந்தது இந்தியாவில், வளர்ந்ததும் உழைத்ததும் இங்கே என்று இருந்த பலருக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றாகிவிட்டது. பெர்மிட் போனால் ரப்பர் தோட்டத்து வேலை போகும், அதோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். குடும்பம் குடும்பமாக எங்கள் ஆபீஸுக்கு வந்து அழுதபடியே இந்தியாவுக்கு டிக்கெட் வாங்குவார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அந்த மாடியைத் தேடிப் போனேன்.

அங்கே தொழிற்சங்கத்து அந்தோணி அண்ணன் இருந்தார். யாழ்ப்பாணத்துச் செல்லத்துரை ஐயா இருந்தார், அரசாங்க ஆபீஸில் தலைமைக் கிளார்க். கோயில் கமிட்டியினர், மாதா கோயில் இளைஞர்கள் என்று பலரும் ஒன்றுசேர்ந்து, இத்தனை வருஷம் உழைத்தவர்களுக்குக் குடியுரிமை கொடுங்கள், சட்டத்தை மாற்றுங்கள் என்று மந்திரிக்கு மகஜர் மேல் மகஜர் அனுப்பினோம். எல்லாவற்றிலும் சேர்ந்தவர்கள் பெயரில் மட்டும் சேரவில்லை. ஐயாவுக்குச் 'சங்கம்' வேண்டும், அண்ணனுக்கு 'முன்னணி', கோயில்காரர்களுக்குச் 'சபை'. "பேரு பொறவு வெச்சுக்கலாம் லா, மொதல்ல ஆளுங்களப் பார்ப்போம்" என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் முடித்துவைப்பார். கடைசிவரை வைக்கவே இல்லை. ஜனங்களே 'மொளகா மாடி' என்று வைத்துக்கொண்டார்கள்.

அங்கே வந்தவர்தான் ராக்கம்மா அக்கா. கடலுக்கு அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர். புருஷன் இல்லை. இரண்டு பெண்களும் இங்கே பிறந்து இங்கேயே படிக்கிறார்கள். பெர்மிட் முடியப்போகிறது. "சின்னப் புள்ளையா கப்பலேறி வந்தேம்மா. அந்த ஊர்ல எனக்குன்னு ஒரு மூஞ்சி கெடையாது" என்பார். குடியுரிமை கிடைக்க ஆபீசர் முன்னால் மலாயில் பேசிக் காட்ட வேண்டும். பசாரில் மீன்காரரை மலாயிலேயே மடக்கிவிடுகிற அக்காவுக்கு, அதிகாரி என்று யாரைப் பார்த்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அதனால் ஒத்திகை பார்த்தோம். செல்லத்துரை ஐயா கோட்டுப் போட்டு ஆபீசராக உட்கார்ந்து, "நாமா அப்பா?" என்றார். உன் பெயர் என்ன என்று அர்த்தம். அக்கா காதில் 'அப்பா' மட்டும்தான் விழுந்தது.

"முத்தையாங்க" என்றார், அப்பா பெயரை.

மாடியே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் மாடியில் ஒரு வசதி உண்டு. அழுதால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஐயா மட்டும் என்னிடம் வந்து, "பிள்ளை, அது மிளகாய்க் கண்ணீர் இல்லை. இனி நான் கோட்டுப் போட மாட்டன்" என்றார். அடுத்த ஞாயிறு அரைக்கைச் சட்டையும் வடைப் பொட்டலமுமாக வந்தார். அந்த மனிதரை அன்றிலிருந்துதான் எனக்குப் பிடித்தது.

தேர்வு நாளில் லீவு போட்டுவிட்டு அக்காவோடு போனேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். வந்தவர் முகத்தில் உயிரே இல்லை.

"எல்லாம் போச்சும்மா. ஒரு மலாய் வார்த்த வாயில வரல. தமிழ்லயே சொல்லிட்டேன்."

"என்னக்கா கேட்டாரு?"

"இங்க எதுல வந்தேன்னாரு. கப்பல்னேன். கையில என்ன கொண்டாந்தேன்னாரு. பெட்டின்னேன். சாமானெல்லாம் எங்க வாங்குவேன்னாரு. கடைன்னேன்."

"அதுக்கு அவரு?"

"பாகுஸ், பாகுஸ்னு தலையாட்டுனாரு. நல்ல மனுசன். தமிழ் தெரிஞ்சிருக்கு, பாவம்."

பெஞ்சில் உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சிரித்தேன். ஆபீஸ் பையன் எட்டிப் பார்த்தான். 'பாகுஸ்' என்றால் மலாயில் 'நல்லது'. கப்பல் மலாயிலும் 'காப்பால்', பெட்டி 'பெத்தி', கடை 'கெடாய்'. தமிழில் உளறியதாக நினைத்தவர் மலாயில் தேறிவிட்டார். புரிய வைப்பதற்குள் ஃபெரி ஏறிவிட்டோம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்த அக்கா திடீரென்று கேட்டார்.

"அப்ப அந்தக் கப்பல் அவங்களுதா, நம்மளுதா?"

"ரெண்டு பேருதும்தான்க்கா."

"பாரேன், வார்த்தைகிட்ட யாரும் ஐசி கேக்கல" என்று சொல்லிச் சிரித்தார். அழவும் செய்தார். அன்று பக்கத்தில் மிளகாய் இல்லை.

நீல அட்டை வந்த பிறகும் அக்கா ஞாயிறுகளில் மாடிக்கு வந்தார். இப்போது ஆபீசராக உட்கார்ந்து புதிதாக வருகிறவர்களை "நாமா அப்பா?" என்று மிரட்டுவது அவர்தான். தும்மலும் சிரிப்புமாக அந்த மாடியில் எத்தனையோ பேருக்கு அட்டை நிறம் மாறியது. மாறாதவர்களைத் துறைமுகத்தில் கையசைத்து அனுப்பியதும் உண்டு. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

பிறகு மில்லை மூடினார்கள். ஐயா காலமானார். அந்தோணி அண்ணன் மகளோடு ஆஸ்திரேலியா போனார். அக்காவும் இப்போது இல்லை. அவர் பேரன் கல்யாணத்துக்குப் போனபோது, படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மாடி இப்போது வெள்ளைக்கார டூரிஸ்டுகள் தங்கும் இடம்.

சரி, அந்த மனிதருக்கு என்ன சொன்னேன்? "மொளகா மாடிக்குப் போங்க தம்பி" என்று சொல்லக் கை தானாகவே அந்த மாடியை நோக்கி மேலே போனது. அங்கே ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "விசாரிச்சுச் சொல்றேன், தம்பி" என்றேன். வீட்டுக்கு வந்து பேத்தியின் ஃபோனில், அந்த ஆட்களில் மிச்சம் யாராவது எங்கேயாவது இருக்கிறார்களா என்று தேட உட்கார்ந்தேன்.

என்னவென்று போட்டுத் தேடுவது? அன்றைக்கே ஒரு பெயர் வைத்திருக்கலாம்.