பேரரசருக்கு ஒரு கை

ரோமில் எங்கள் தெரு திபெர் ஆற்றின் படித்துறையில் போய் முடிகிறது. அந்த முனையில் கஞ்சிக்கடை வைத்திருப்பவள் தல்லூசா. அவள் கணவன் பிலெரோஸ் நாணயச்சாலையில் நாணயம் அடிக்கும் அச்சு வெட்டுகிறான்.

பன்னிரண்டு வயதில் அடிமையாக அந்த நாணயச்சாலையின் உலைக்கு வந்தவன் அவன். பதினேழு ஆண்டுகள் வெள்ளி உருக்கினான். நெஞ்சில் புகை ஏறி இருமல் நிரந்தரமானது. வீசி எறிந்த பழைய அச்சுகளில் கீறிக் கீறித் தானாகவே உளி பிடிக்கக் கற்றான். விடுதலை கிடைத்த அன்று, உலைப் பக்கம் இனித் திரும்புவதில்லை என்று முடிவு செய்தான்.

அந்த வசந்தத்தில் புதிய நாணயம் ஒன்று வர வேண்டியிருந்தது. அதில் மேடைமேல் பேரரசர் வலக்கை உயர்த்திப் படைக்கு உரையாற்றுகிறார். கீழே நான்கு வீரர்கள். மேற்பார்வையாளர் ஓப்பியஸ் பழைய படைவீரர். பிலெரோஸ் வெட்டிய அச்சைக் களிமண்ணில் அழுத்திப் பார்த்தார்.

"இந்தக் கை ரொட்டி கேக்குதுடா," என்றார். "படைக்கு முன்னாடி இப்படி நீட்டினா சில்லறைதான் விழும்."

ஐந்து நாள் கெடு வைத்தார். அதற்குள் கை சரியாக வராவிட்டால் வேறொருவன் வெட்டுவான், உலையில் ஆள் குறைகிறது, பிலெரோஸ் அங்கே போகலாம் என்றார்.

தவறு எங்கே என்று பிலெரோசுக்கு அன்றே தெரிந்துவிட்டது. அச்சில் எதையும் இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். உளியோ வலக்கையில். ஆகவே தன் இடக்கையை எதிரே தூக்கிப் பார்த்து வெட்டுவது அவன் வழக்கம்; நாணயத்தில் அது வலக்கையாக விழும். இறுகப் பற்றிய இரு கைகள், கிண்ணம் ஏந்திய கை, பூ நீட்டும் கை என்று ஆறு ஆண்டுகளாக ரோம் முழுவதும் புழங்கிய கைகள் எல்லாம் அவனுடைய இடக்கைதான். அது சொன்னதைச் செய்து, கொடுத்ததை வாங்கிப் பழகிய கை. தூக்கினாலே விரல்கள் உள்ளே மடங்கின. விரல்களை விறைப்பாக நிறுத்தி இன்னொரு அச்சு வெட்டினான். பலகை போல வந்தது. அவனே அதைத் தூக்கிப் போட்டான். இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் நண்பகலில் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். யார் முதலில் வந்தது என்று சுமைதூக்கிகள் நாற்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். தல்லூசா குரல் கொடுக்கவில்லை, கையை உயர்த்தினாள். உள்ளங்கை வெளியே, விரல்கள் தளர்வாக, கட்டைவிரல் சற்று விலகி. சத்தம் அடங்கியது. அதன் பிறகுதான் அவள் பேசினாள்.

கூட்டம் போனதும் அவளிடம் இடக்கையைத் தூக்கிக் காட்டச் சொன்னான்.

"இடக்கையையா? இதைப் பாத்து எவன்யா அடங்குவான்?"

உண்மைதான். கத்துவதற்கு ஆள் இல்லாதபோது அவள் வலக்கைகூட வெறும் கையாகத்தான் இருந்தது. மறுநாள் அவளுடைய வெண்கலக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, அவளுக்கு முதுகு காட்டிக் கடை மூலையில் உட்கார்ந்தான். கண்ணாடியில் அவள் வலக்கை, அச்சுக்கு வேண்டியபடி மாறித் தெரிந்தது.

"மாப்ளே, போதும்யா. எவ்வளவு நேரம் பாத்தாலும் அதே மூஞ்சிதான்," என்றான் ஒருவன். கடையே சிரித்தது. பிலெரோஸ் திரும்பவில்லை. அந்தக் கை எழுந்தபோதெல்லாம் மெழுகுப் பலகையில் கீறினான். பிற்பகலுக்குள் பதினொரு கைகள். பொழுது சாயுமுன் அதில் ஒன்றைக் கோதுமை மணியைவிடச் சிறிதாக, கை மட்டும் பாக்கி வைத்திருந்த புதிய அச்சில் வெட்டி முடித்தான்.

ஐந்தாம் நாள் ஓப்பியஸ் களிமண்ணில் அழுத்தி நெடுநேரம் பார்த்தார். கை பரவாயில்லை, கட்டைவிரல்தான் விலகி நிற்கிறது, அதை விரல்களோடு சேர்த்தால் கம்பீரமாக இருக்கும் என்று சொல்லி, மேசையிலிருந்த உளியை எடுத்தார். ஒரு கீறல் விழுந்தால் போதும், அச்சு பாழ்.

"உளியைக் கீழ வைங்க," என்றான் பிலெரோஸ். ஓப்பியஸிடம் அங்கே யாரும் அப்படிப் பேசியதில்லை. பக்கத்தில் நாணயங்களுக்குச் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "விரலைச் சேத்தா அது அறையப் போற கை. இது அடங்கச் சொல்ற கை. உலைக்கு அனுப்பணும்னா அனுப்புங்க. விரலைத் தொடாதீங்க."

"யாரைப் பாத்து வெட்டின?"

"என் வீட்டுக்காரியை. படித்துறையில கஞ்சி ஊத்துறா."

ஓப்பியஸ் களிமண்ணை மறுபடி பார்த்தார். பிறகு உளியை வைத்தார். "அதை வெளிய சொல்லித் தொலைக்காதே," என்று முணுமுணுத்துவிட்டு, அச்சைச் சம்மட்டிக்காரனிடம் நீட்டினார்.

அடிக்க அடிக்க அச்சு தேயும். அதே கைக்கு இன்னும் பல அச்சுகள் வேண்டும். பிலெரோஸ் அன்றே இன்னொரு வெண்கலக் கட்டை கேட்டு வாங்கி, கட்டைவிரலிலிருந்து தொடங்கினான்.