கறுப்பு மருந்து

துளசி பன்னிரண்டு ஆண்டுகளாக மற்றவர்களின் கார்களுக்கு அடியில் நின்று வேலை செய்கிறாள். ஈப்போவில், மெங்லெம்புப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை, காரைத் தூக்கி நிறுத்த ஒரு ஹாய்ஸ்ட். அடிப்பாகத்தைக் கழுவி, துருப்பிடிக்காமல் கறுப்பு மருந்து அடித்துக் கொடுப்பாள். கணவன் விட்டுப் போன பிறகு தனியாகவே நடத்துகிறாள்.

பழைய கார் வாங்கி விற்கும் தரகன் தனேஷ்தான் அவளுக்குப் பெரிய வாடிக்கை. அவன் சிரிப்பு அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனாலும் அவன் அனுப்பும் வண்டிகளுக்கு மருந்து அடித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை உயரமான ஜீப்பு ஒன்றை அனுப்பினான். மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. உள்ளே வாசனைத் திரவியத்தின் நெடி. ஹாய்ஸ்டில் ஏற்றியதும் வேறொரு நாற்றம் இறங்கியது. அழுகிய சேற்றின் நாற்றம். வண்டியைத் தாங்கும் நீளமான இரும்புச் சட்டத்தை, சேசியை, அவள் ஸ்க்ரூ டிரைவரால் தட்டினாள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் முனை இரும்புக்குள் புகுந்தது. வெளியே இழுத்ததும் கறுத்த சேறு அவள் முழங்கையில் வழிந்தது. அதில் கோழி இறகு ஒட்டியிருந்தது.

தனேஷுக்குப் போன் போட்டாள்.

“இது வெள்ளத்துல முங்குன காடி. சேசி உளுத்துப் போச்சு.”

“நல்லா திக்கா மருந்து அடிச்சிரு அக்கா. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?”

மருந்து அடிக்காமல் வண்டியை அப்படியே விட்டாள். சாயங்காலம் தம்பி சுரேன் சுங்கை சிப்புட்டிலிருந்து அழைத்தான். குரலில் அப்படி ஒரு குஷி.

“அக்கா, உன் ஆளு தனேஷ்கிட்ட ஜீப்பு ஒன்னு புடிச்சிட்டேன். உன் கடைலதான் நிக்குதாம். நாளைக்கு தினேஸ்வரியக் கூட்டிட்டு வாரேன்.”

தனேஷின் நம்பரை அவனுக்குக் கொடுத்தது அவளேதான். போனில் சொன்னால் நம்பமாட்டான், நேரில் காட்டலாம் என்று வரச் சொன்னாள்.

மறுநாள் காலை தம்பியும் அவன் மனைவியும் தனேஷும் வந்தார்கள். தம்பி மனைவி தினேஸ்வரிக்கு மோட்டார் விபத்தில் முழங்காலில் இரும்பு வைத்திருந்தார்கள். ஜீப்பின் படியில் இடது காலை வைத்தாள், எழும்ப முடியவில்லை. கைப்பிடியைப் பற்றி மறுபடியும் முயன்றாள். நெற்றி வியர்த்தது.

“பின்னாலேருந்து நெம்பி விடுங்க பாஸ், மூட்டை ஏத்துற மாதிரி” என்று தனேஷ் சிரித்தான்.

சுரேனும் கூடச் சிரித்தான். தினேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தனேஷின் சிரிப்பைவிடத் தம்பியின் சிரிப்புதான் துளசிக்கு அதிகம் கசந்தது.

வண்டியை ஹாய்ஸ்டில் தூக்கினாள். “அடியில வாடா” என்றாள். போனில் வீடியோவை ஓடவிட்டு, நேற்று குத்திய இடத்துக்குப் பக்கத்தில் ஓங்கிக் குத்தினாள். சேறும் துருவும் சுரேனின் வெள்ளைச் சப்பாத்தில் கொட்டின. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான்.

“வெல்டிங் போட்டா தாஹான்லா, நல்லாத் தாங்கும்” என்றான் தனேஷ்.

“உம் பொண்டாட்டி புள்ளைய ஏத்திட்டு ஹைவேல ஓட்டுவியா?”

துளசி கேட்டதும் தனேஷ் போனை எடுத்து நோண்டத் தொடங்கினான்.

சுரேனின் முகம் சிறுத்துவிட்டது. “சேசி வச்ச காடிதான் கெட்டிங்கிறாங்க. மத்தது மிலோ டின்னு மாதிரியாம்.”

“எவன் சொன்னது? சேசி காடில ஏணி மாதிரி இரும்புக்கு மேல பாடிய போல்ட் போட்டு உக்கார வச்சிருக்கான். செம்பனைக் காட்டுல ஓட்ட, பாரம் இழுக்க அது நல்லதுதான். நீ என்ன இழுக்கப் போற? தினம் ஈப்போவுக்கு வேலைக்கு வார, வாரத்துல ரெண்டு நாள் இவளக் கால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போற. மத்ததுல பாடியும் தரையும் ஒரே கூடு. படி தாழ்வா இருக்கும், தூக்கிப் போடாது, எண்ணெயும் கம்மியாக் குடிக்கும். அதுவும் துருப்பிடிக்கும். அடியில பாக்காம எதையும் வாங்காத.”

“எனக்குத் தாழ்வானதே போதும் அண்ணி” என்றாள் தினேஸ்வரி. அன்று அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

சுரேன் அக்காமேல் கோபமாகத்தான் திரும்பிப் போனான். மூன்று வாரம் பேசவில்லை. பிறகு ஒரே கூடாகச் செய்த சிறிய எஸ்யூவி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து, “தூக்கிப் பாரு” என்று சாவியை நீட்டினான். தூக்கிப் பார்த்தாள். ஓரங்களில் லேசான துரு, அவ்வளவுதான். தினேஸ்வரி யார் கையையும் பிடிக்காமல் அதில் ஏறி உட்கார்ந்தாள்.

தனேஷ் ஜீப்பை வேறெங்கோ கொண்டுபோய் மருந்து அடித்து, ‘அடிப்பாகம் சுத்தம்’ என்று முகநூலில் விளம்பரம் போட்டான். சேறு கொட்டும் வீடியோவைத் துளசி அதன் கீழேயே போட்டாள். அவன் போனில் கத்திய வார்த்தைகள் அச்சில் ஏறாது. விளம்பரம் அன்றே காணாமல் போனது. அவன் வண்டிகள் வருவதும் நின்றது.

கொட்டகையில் வேலை பாதியாகிவிட்டது. அவளை அரித்தது அதுவல்ல. இத்தனை ஆண்டுகளில் குத்திப் பார்க்காமலே எத்தனை வண்டிக்குக் கறுப்பு மருந்து அடித்திருப்பாள்! அவற்றில் யார் பிள்ளைகள் ஏறிப் போகிறார்களோ, அவளுக்குத் தெரியாது. எழுதி வைக்கவும் இல்லை.

இப்போது அடியிலிருக்கும் துருவை மறைக்காத, நிறமில்லாத மெழுகு மருந்து மட்டும்தான் அடிக்கிறாள். கறுப்பு வேண்டும் என்று வருபவர்களிடம், “இங்க இல்ல” என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள்.