வித்துக்காக நிறுத்திய மரம்

கல்லூரியில் அவளுக்குக் காளான் டீச்சர் என்று பெயர். அக்காள் கணவர் அதையும் சுருக்கி வெறும் ‘காளான்’ ஆக்கிவிட்டார். மரத்தைத் தின்று வளரும் பூஞ்சைகளைப் பிரித்து இனம் காண்பதுதான் அவள் வேலை. விருந்துக்குப் போனாலும் மேசைக்காலைத்தான் முதலில் தடவிப் பார்ப்பாள். அப்படி ஒரு கிறுக்கு.

அத்தான் பைக் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால், பெரிய மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு வேலை பார்த்தார். அந்த மரத்தின் அடியில்தான் ஒரு பூஞ்சை முளைத்திருந்தது. அலமாரித் தட்டு மாதிரி கெட்டியாக, விளிம்பில் மட்டும் ஊதாவாக. பிளேடால் மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம். ஆனால் இளசு, வித்து இன்னும் வரவில்லை. வித்தின் வடிவம் தெரியாமல் புது இனம் என்று வாய் திறந்தால் துறையில் சிரிப்பார்கள்.

மரம் சாய்கிறதென்று அத்தான் வெட்ட ஆள் கூட்டி வந்தார். அவள் ரம்பத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“வெட்டினா இது வளராது அத்தான். ஒரு மழை பெய்யட்டும், வித்து விட்டுடும். அப்புறம் வெட்டிக்கோங்க.”

“அதுவரைக்கும் தாங்குமா?”

“தாங்கும்.”

“காளானே சொல்லியாச்சு, அப்புறம் என்ன? பொறுத்தார் பூமி ஆள்வார்” என்று சிரித்தார். வந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இந்த மாதிரிப் பூஞ்சை வெளியே தலை காட்டும்போது உள்ளே வேர் பஞ்சாகியிருக்கும். அவளைவிட அதைத் தெரிந்தவர் யார்? வருஷா வருஷம் வகுப்பில் இதையே சொல்லிப் பிள்ளைகள் கழுத்தை அறுப்பவள்தானே! படித்ததெல்லாம் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தது? ஆசைதான், வேறென்ன.

மழை வந்தது, காற்றையும் கூட்டிக்கொண்டு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இங்கே அப்படிப் போகவில்லை. கொட்டகையோடு சேர்த்து அத்தானையும் மரம் அமுக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் பிரிந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவள் பின்பக்கம் போனாள். பெயர்ந்து கிடந்த வேரடியில், அந்தத் தட்டுக்குக் கீழே பழுப்புத் தூள் படிந்திருந்தது. வித்து. கை தானாகப் பைக்குள் போய்ப் பிளேடை எடுத்தது. வெட்டிக் காகித உறையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், பின்வாசலில் அக்கா. பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தன் கையைப் பார்க்கவே இவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் உறையைக் கீழே போடவில்லை.

புது இனமேதான். துறைத் தலைவர் கை குலுக்கினார். இனிப் பெயர் வைக்க வேண்டும். உதவியவர் பெயரையோ மறைந்தவர் பெயரையோ வைப்பது அவர்கள் வழக்கம். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள்.

“அத்தான் பேரையே வைக்கலாம்னு இருக்கேன்க்கா. காலத்துக்கும் நிக்கும்.”

“அவரைத் தின்ன சனியனுக்கு அவர் பேரா?” அக்கா நிமிரவில்லை. “உன் பேரை வை.”

“எங்க துறையில தன் பேரைத் தானே வெச்சுக்க மாட்டாங்கக்கா. அசிங்கம்னு நினைப்பாங்க.”

“அதுக்கு மட்டும் உனக்குக் கூசுதா?” என்று கேட்டுவிட்டு, அக்கா அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.