தொப்புள்கொடிக்கு யார் கையெழுத்து?

பல்கலைக்கழகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சியை ஒருங்கிணைப்பது என் வேலை. கேட்பவர்கள் பெரிய விஞ்ஞானி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் ஒரு செல்லைக்கூடத் தொட்டதில்லை. ஆய்வகத்துக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் நடுவே ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவேன், கையெழுத்துகளைச் சரிபார்ப்பேன், யாராவது தாமதித்தால் சத்தம் போடுவேன். சத்தம் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அன்றைக்குக் குழுக்கூட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் வக்கீல் உறுப்பினர், வடையைக்கூடத் தொடாமல் ஒரு சம்மதப் படிவத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். ராஜபாளையத்தில் தலைப்பிரசவமான ஒரு பெண்ணின் தொப்புள்கொடியை ஆராய்ச்சிக்குக் கொடுத்த படிவம் அது. அதிலிருந்து எடுத்த செல்களை எங்கள் ஆய்வு மாணவி மூன்று மாதமாக வளர்த்து வந்தாள். அவளுடைய பட்டமே அந்தச் செல்களை நம்பித்தான் இருந்தது.

“கையெழுத்துப் போட்டிருக்கது யாரு?”

“பொண்ணோட அப்பா, சார்.”

“கொடி என்ன, இவரு வயித்துலயா இருந்துச்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரிக் காகிதம் எதுவானாலும் அப்பாதான் போடுவார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாணவி தன் படிப்புக்கென்று கேட்டு, யோசிக்காமல் அவரிடம் வாங்கி வந்தாள், நானும் யோசிக்காமல் டிக் அடித்தேன். ஊருக்கெல்லாம் விதிமுறை வகுப்பெடுக்கிற மகராசி நான்!

அந்தப் பெண்ணிடமே நேரில் கேட்க வேண்டும், மறுத்தால் செல்களை அழித்துவிட வேண்டும் என்று குழு முடிவெடுத்தது.

மறுநாள் மாணவியைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். அந்த வீட்டில் அப்பாதான் வரவேற்றார்.

“நாந்தேன் போட்டுட்டேனே! இந்த வீட்டுல நான் போட்டா அம்புட்டுப் பேரும் போட்ட மாதிரி.”

“அதுதான் அண்ணாச்சி சிக்கலே,” என்றேன்.

பெண் குழந்தையைத் தோளில் போட்டபடி வந்தாள். நான்கு பக்கப் படிவத்தையும் நின்றபடியே படித்தாள். நான் எழுதிய படிவத்தை ஒருவர் கடைசி வரி வரை படித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். வெட்கம்கெட்டுப் பெருமையாக இருந்தது.

“வேண்டாம்னா எனக்கு ஏதும் வம்பு வருமா?”

“ஒண்ணும் வராதும்மா. காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.”

“அப்போ வேண்டாம்.”

“ஏட்டி! அந்தப் புள்ள படிப்பு என்னத்துக்காகும்?” என்று பதறினார் அப்பா.

“எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா, கல்யாணத்துல இருந்து எல்லாத்துக்கும் நீங்கதான சரின்னு சொன்னீங்க? வேணுமா வேண்டாமான்னு எங்கிட்டக் கேட்டது இவியதான் மொதல்ல. நான் வேண்டாம்னு சொன்னா நிக்குமான்னு பாக்கணும்ப்பா.”

எனக்குக் கைதட்டத் தோன்றியது, மூன்று மாத உழைப்பை இழக்கிறவள் பக்கத்தில் நிற்கிறாளே என்று அடக்கிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். மாணவிக்குக் கண்ணீர் கன்னத்துக்கு வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, ‘மறுக்கிறேன்’ என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்துப் பேனாவை நீட்டினாள்.

“நிக்கும்க்கா,” என்றாள்.