மாமியார் போட்ட சத்தம்

எனக்கு அப்போது இரண்டாவது மாதம். இடுப்பு வலி தாங்காமல் மாமியாரோடு திண்டிவனத்தில் அக்குபஞ்சர் பார்க்கும் பெண்மணியிடம் போனேன். மூன்று மாதம் முடியாமல் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"தலைக்குக் குளிச்சு எத்தினி நாள் ஆச்சும்மா?" என்று அந்தப் பெண்மணி மாதவிலக்கைப் பற்றிக் கேட்டதற்கு, "போன வாரந்தாங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் என் கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் அளந்து, ஊசியை எடுத்தார். "இங்க குத்துனா நின்னுபோன தீட்டையும் எறக்கி வுடும்."

மாமியார் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "ஐயோ, குத்தாதீங்க! எம் மருமக முழுவாம இருக்கா!"

அந்த அம்மா வெளிறிப்போனார். "மாசமா இருக்கறவங்களுக்கு இந்த எடத்த தொடவே மாட்டேம்மா. அதுக்குத்தானே கேட்டேன்!"

இப்போது மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை கேட்டால்கூட, முதலில் நான் கர்ப்பமாக இருப்பதைத்தான் சொல்கிறேன். சில நேரம் மாமியார் முந்திக்கொள்கிறார்.