இப்தாவின் மகளாக நான் பாடியது

எங்கள் பெரியம்மாவுக்கு ஊர் உலகம் பாடுகிற எதுவும் பிடிக்காது. பாலையூற்றில் கோயில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கிய அவர், ஒரு தவக்காலத்தில், ஐரோப்பாவிலேயே ஆடிக்கொருக்கா ஆவணிக்கொருக்கா பாடப்படும் பழைய இலத்தீன் இசைநாடகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்களுக்காகத் தமிழ் எழுத்தில் எழுதியும் தந்தார். அதுதான் வினை. ஒரே 'ப'வை ஆளுக்கொரு மாதிரி உச்சரித்தோம்.

"நீங்கள் பாடுறது இலத்தீனும் இல்லை, தமிழும் இல்லை," என்று பெரியம்மா தலையில் கைவைத்துக் கதிரையில் இருந்துவிட்டார்.

கதை வேதாகமத்தில் உள்ளதுதான். போரில் வென்றால், தன் வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைக் கடவுளுக்குப் பலி கொடுப்பதாக இப்தா நேர்கிறான். ஓடிவருவது அவனுடைய ஒரே மகள். அந்த மகள் நான்.

"வேறை ஆரையும் போடுங்கோ அக்கா. இவள் பாட ஏலாது," என்றார் அம்மா. ஏன் என்று சொல்லவில்லை. மூதூரிலிருந்து ஷெல்லடிக்குள் ஓடிவந்தபோது, வயிற்றிலிருந்த என்னை உயிரோடு தந்தால் கன்னியர் மடத்துக்கே கொடுத்துவிடுவதாக அவர் மாதாவிடம் நேர்ந்திருந்தார். அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்கே கலியாணம் பேசின காலத்தில்தான் தெரியும். பாட்டுப் பழகின அந்த நாளிலோ, பெற்ற தாய்க்கே பொறாமை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கினேன். அம்மா முன்வரிசையில் இருந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இப்தாவாகப் பாடிய பெரியம்மாவின் மகனுக்குக் குரல் உடைகிற வயது. நேர்கிற இடத்திலேயே கீச்சிட்டான். சனம் சிரித்தது. நான் வந்து நின்றபோது அம்மாவின் இடம் வெறுமையாக இருந்தது. வந்த கோபத்தில் அழுது அழுதே பாடினேன். நல்ல உணர்ச்சி என்று பெரியம்மா மெச்சினார்.

கோயிலுக்கு வெளியே காத்து நின்ற அம்மா, வீட்டுக்குப் போகும்போது ஓட்டோவில் கேட்டார்:

"கடைசியிலை கடவுள் வேண்டாமெண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை. தகப்பன் குடுத்தவர்தான். சொன்ன வாக்கு வாக்குத்தானே," என்று எரிந்து விழுந்தேன்.

அம்மா என் கையைப் பிடித்தார். வியர்த்து ஒட்டுகிறதென்று இழுத்தேன். விடவில்லை.

மறுநாள் என்னைச் சுவரோடு நிறுத்தி, உச்சியிலிருந்து குதிக்கால் மட்டும் நூல் பிடித்து அளந்தார். புதுச் சட்டைக்கென்று நினைத்து, கைக்குச் சுருக்கு வைக்கச் சொன்னேன். அம்மா தலையாட்டினார். அந்த ஞாயிறு மாதாவுக்கு முன்னால் என் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி எரிந்தது. அது முடியும்வரை அம்மா முழங்காலில் நின்றார். எனக்குக் கால் வலித்தது. சட்டை வரவேயில்லை, பெரிய வெள்ளி வரைக்கும் நான் அம்மாவோடு கதைக்கவில்லை.