கடைசியில் ஒரு பிளாக்

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் எங்கள் கம்பெனியின் மென்பொருளை ஆரம்பத்திலிருந்தே கட்டிக் காப்பவர். கணவர் படுத்த படுக்கை. இவர் சம்பளம் நின்றால் அடுப்பு எரியாது. இது மேனேஜருக்கு நன்றாகவே தெரியும்.

அந்த மென்பொருள் பழைய ரகம். கிடங்குக்கு ஒரு கோரிக்கை அனுப்பினால், பதில் வரும்வரை அங்கேயே நிற்கும். ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்த மேனேஜர், எதற்கும் நிற்காமல் ஓடும் ரியாக்டிவ் கிளையண்ட் என்ற புது நிரலை இதில் மாட்டச் சொன்னார்.

"மத்ததெல்லாம் பழசாவே இருக்கே சார். விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம் எதுக்கு?" என்றார் அக்கா.

"சொன்னதைச் செய்ங்கம்மா."

செய்தார். ஆனால் கோரிக்கை அனுப்பும் ஒவ்வொரு நிரல் வரியின் கடைசியிலும் பிளாக் என்றொரு சொல்லைச் சேர்த்தார். பதில் வரும்வரை நில் என்று அர்த்தம். குஞ்சம் கட்டினாலும் விளக்குமாறு பெருக்கத்தானே வேண்டும்! அதைப் பார்த்த மேனேஜருக்கு வந்ததே கோபம்.

"புதுசைக் கொண்டுவந்து அதையும் நிக்க வெச்சா ஊரே சிரிக்கும். எடுங்க அதை."

"எடுத்தா கோரிக்கை போகவே போகாது சார். பதிலை யாராவது கேட்டாத்தான் இது கிளம்பும். தப்புன்னும் ஒரு வார்த்தை சொல்லாது."

"முடியலைன்னா சொல்லிருங்க. வேற ஆளைப் பாத்துக்கறேன்."

சோதித்துப் பார்க்கவாவது அவகாசம் கேட்டார் அக்கா. கிடைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு எடுத்தார். நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன், வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

மறுநாள் கிடங்குக்கு ஒரு கோரிக்கையும் வரவில்லை. இன்றைக்கு ஓய்வு என்று அங்கே நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். 'சிலிண்டர் அனுப்பியாச்சு' என்று வீடுகளுக்குச் செய்தி அனுப்பும் அடுத்த வரி மட்டும் பழையபடி ஒழுங்காக வேலை செய்தது. மதியம் விஷயம் தெரிந்து, அக்கா ஓடிவந்து பிளாக்கைத் திரும்பப் போடுவதற்குள் ஒரு வீட்டில் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்காவின் வேலை போகவில்லை. "சர்வர் கோளாறுன்னு சொல்லிருங்க" என்று மேனேஜர் போனை அவர் கையிலேயே திணித்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மறுமுனையில் இறந்தவரின் மனைவி. ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. கத்துவார் என்று நினைத்தோம். கத்தவில்லை.

"வேற கடையில வாங்கிட்டு வரட்டுமான்னு காலையிலயே தம்பி கேட்டான்மா. அதான் அனுப்பியாச்சுன்னு நீங்க சொல்லிட்டீங்களேன்னு, நான்தான் வேண்டாம்னுட்டேன்."

அக்கா மேனேஜரைப் பார்த்தார்.

"சர்வர் கோளாறும்மா" என்றார் போனில்.